தோட்டப் பாடசாலை ஆசிரியரும் மாணவரின் உளநலமும்

மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழப் பாதி, பதினான்கு வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன. 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோவொரு மனநலக் கோளாறுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இலங்கைப் பாடசாலை முறையில் இந்த வயது பெரும்பாலும் தரம் 6இல் தொடங்கி உயர்தர வகுப்பில் முடியும் இடைநிலைக் கல்விக் காலம். இந்த வயதுப் பிள்ளை வைத்தியரையோ உளவளத்துணையாளரையோ தானாகத் தேடிப் போவது அபூர்வம். யாராவது ஒரு பெரியவர் கண்டுகொண்டால்தான் உண்டு. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் அந்தப் பெரியவர் பெரும்பாலும் வகுப்பாசிரியராகத்தான் இருக்க முடியும். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போன தாய், கொழுந்து நிறுத்துவிட்டு மலையிறங்கி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதன் பின் அடுப்பு, தண்ணீர், விறகு. பிள்ளையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் பார்ப்பவர் ஆசிரியர்.

ஆசிரியருக்கு வேண்டிய உளநல அறிவு எது என்பதில் தெளிவு தேவை. அவுஸ்திரேலிய ஆய்வாளர் அன்தனி ஜோர்ம் 1997இல் உளநல எழுத்தறிவு என்ற கருத்தை முன்வைத்தார். நோயின் அறிகுறியை அடையாளம் காணுதல், அதற்கான காரணங்களைப் பற்றிய பிழையான நம்பிக்கைகளிலிருந்து விலகுதல், எங்கே என்ன உதவி கிடைக்கும் என்று அறிந்திருத்தல், தாமே முதற்கட்டமாகச் செய்யக்கூடியதைச் செய்தல் ஆகியவை அதில் அடங்கும். 2000ஆம் ஆண்டில் பெட்டி கிச்சனர் அவருடன் சேர்ந்து மனநல முதலுதவிப் பயிற்சியைத் தொடங்கினார். காயத்துக்குக் கட்டுப்போடத் தெரிந்தவர் சத்திரசிகிச்சை செய்யத் தேவையில்லை என்பதே அதன் அடிப்படை. அக்டோபர் 10ஆம் திகதி உலக மனநல தினத்தன்று காலைக் கூட்டத்தில் ஒரு பேச்சு, சுவரில் ஒரு பதாகை என்பவற்றை இந்த அறிவின் கணக்கில் சேர்க்க முடியாது.

மலையகப் பிள்ளையின் மனநிலையைப் புரிந்துகொள்ள அது வளரும் இடத்தை அறிய வேண்டும். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளருக்கென லயங்கள் கட்டப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, முன்னே ஓர் இஸ்தோப்பு, பக்கத்துக் காம்பராவுக்கும் இதற்கும் இடையே ஒற்றைச் சுவர் என்பதே பழைய லயத்தின் அமைப்பு. தனிவீட்டுத் திட்டங்கள் பல வந்தபின்னும் இன்னும் எண்ணற்ற குடும்பங்கள் அதே லயங்களில்தான் இருக்கின்றன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிப் பிரித்தது. எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை பல தோட்டங்களில் ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்பு வரை என்பதுதான் கல்வி. ஆகவே இன்று தரம் 10இல் படிக்கும் பிள்ளையின் பாட்டி பாடசாலை வாசலை மிதித்திருக்கமாட்டார்; தாய் பாதியில் நின்றிருப்பார். வீட்டில் முதன்முதலாகச் சாதாரண தரம் எழுதப்போவது தானே என்ற பெருமையும் பயமும் ஒரே தலையில் ஏறியிருக்கும்.

அந்தத் தலை இரவில் படிக்க உட்காரும் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். காம்பராவில் ஒரே விளக்கு. அதன் கீழ் தம்பி வீட்டுப்பாடம் செய்கிறான். தொலைக்காட்சிப் பெட்டி ஓடுகிறது. நிறுத்தச் சொன்னாலும் பக்கத்துக் காம்பராவின் சத்தம் சுவரைத் தாண்டி வரும். பாட்டியின் படுக்கையும் அங்கேதான். சம்பள நாளென்றால் தகப்பன் தவறணையிலிருந்து வந்த பிறகு புத்தகம் மூடப்படும். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு உடை மாற்ற மறைவிடம் கிடையாது, அழுவதற்கும் கிடையாது. தனிமை என்பது நோய்க்குக் காரணமாகப் பேசப்படும் இந்தக் காலத்தில், லயத்துப் பிள்ளையின் சிக்கல் தனியாக இருக்க ஓர் இடமில்லாததுதான். நகரத்துக்கு எழுதப்பட்ட உளவளத்துணைக் கைநூல்கள் 'அமைதியான ஓர் அறையில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள்' என்று சொல்லும்போது, அந்த அறை எங்கே என்ற கேள்வி எழுகிறது.

கூலி இதற்கெல்லாம் அடியில் கிடக்கிறது. நீண்ட போராட்டத்துக்குப் பின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானது 2021இல். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாயிற்று. இரண்டுக்கும் நடுவே 2022இன் பொருளாதார நெருக்கடி வந்து, அரிசியும் மாவும் அந்த உயர்வை விழுங்கிவிட்டன. இந்த நிலையில் பல தாய்மார் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போகிறார்கள். 2013இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை ஒழுங்கு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாடு போவதைத் தடுக்கப் பார்த்தது. குழந்தைக்குத் தாய் வேண்டும் என்று அரசு நினைத்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் வேண்டுமென்று யாரும் நினைக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வட்ஸ்அப்பில் தெரியும் முகமே தாயாகிவிட்ட பிள்ளை, வகுப்பில் பெரும்பாலும் நல்ல பிள்ளையாகவே இருக்கும். வீட்டில் தம்பி தங்கைக்குச் சோறாக்கிவிட்டு வரும். அது சொன்னதைச் செய்யும் என்பதாலேயே அதன்மீது ஆசிரியரின் கண் விழுவதில்லை.

படிப்பை விட்டு நிற்கும் பிள்ளைகள் கொழும்பு, கண்டி போன்ற நகரங்களின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். அப்படியிருந்தும் 2021இல் கொழும்பில் வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் இறந்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. பாடசாலையிலிருந்து ஒரு பிள்ளை நழுவும் முன் அதற்கான அறிகுறிகள் வகுப்பிலேயே தெரிந்திருக்கும். இயற்கையும் தன் பங்குக்குச் சுமையேற்றுகிறது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மத்திய மலைநாடெங்கும் மண்சரிவுகளை உண்டாக்கியது. அடைமழை நாளில் சில பிள்ளைகள் ஏன் பாடத்தில் கவனமில்லாமல் யன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மலையகத்தில் மனத்துயர் நேராகப் பேசாது. உடம்பின் வழியாகப் பேசும். 'மனச்சோர்வு' என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சடைப்பு, கைகால் விறைப்பு, கிறுகிறுப்பு என்றுதான் சொல்லும். காலைக் கூட்டத்தில் மயங்கி விழும். சாப்பிடவில்லையா என்று கேட்டு பிஸ்கட் கொடுத்து அனுப்புவது முதல் எதிர்வினை. பல வேளைகளில் அது சரியும்கூட, ஏனெனில் உண்மையிலேயே பிள்ளை சாப்பிட்டிருக்காது. மீண்டும் மீண்டும் விழுந்தால் வீட்டார் குறிசொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப்போவார்கள். கோடாங்கியைப் பழித்துப் பேசும் ஆசிரியர் அந்தக் குடும்பத்தின் நம்பிக்கையை இழந்துவிடுவார். 'அங்கேயும் பாருங்கள், டிக்கோயா ஆஸ்பத்திரியிலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்' என்று சொல்லும் ஆசிரியரின் பேச்சு எடுபடும். ஊர் வழக்கத்தோடு மல்லுக்கட்டாமல் வைத்தியத்துக்கு வழிவிடும் இந்தப் பக்குவமும் உளநல அறிவின் ஒரு பகுதி.

ஆசிரியரின் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது: வரவு இடாப்பு. அதைச் சதவீதம் போடுவதற்கு மட்டும் பயன்படுத்துவது வீண். சம்பளத்துக்கு மறுநாள் மட்டும் தவறாமல் வராத மாணவனின் வீட்டில் முந்திய இரவு என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். தீபாவளி விடுமுறைக்குப் பின் ஒரு வாரம் கழித்து வருபவனும், வந்தும் மதிய இடைவேளைக்குப் பின் காணாமல் போகிறவனும் வெவ்வேறு கதைகள். குறிப்பிட்ட ஒரு பாடமுள்ள நாளில் மட்டும் வராதவள் அந்தப் பாடத்தையோ அதைக் கற்பிப்பவரையோ அஞ்சுகிறாள். மூன்று மாத இடாப்பை ஒரு தடவை குறுக்காகப் படித்தால், நாற்பது பேரில் யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும். அதனுடன் கையெழுத்தின் திடீர் மாற்றம், நண்பர் கூட்டத்திலிருந்து விலகி உட்காருதல், வகுப்பில் தூக்கம், பிடித்த விளையாட்டைக் கைவிடுதல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று ஓரிரு நாள் இருந்தால் அது வயதின் இயல்பு. பல சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டிய நிலை.

ஆண்பிள்ளைகள் விடயத்தில் ஆசிரியர்கள் அதிகம் தவறிவிடுகிறார்கள். பதின்ம வயதுப் பையனின் சோர்வு பெரும்பாலும் கோபமாகவே வெளிப்படும். மேசையைத் தள்ளுவான், எதிர்த்துப் பேசுவான், அடிதடியில் இறங்குவான். ஒழுக்கக் கேடு என்று எழுதப்பட்டுத் தண்டனை கிடைக்கும். உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் தடை செய்தது. 2021 பெப்ரவரியில், ஆசிரியர் ஒருவரின் அடியால் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவர் தொடர்பான வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறும் செயல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் விதித்தது. சட்டம் தெளிவாக இருக்கிறது. பிரம்பு ஆசிரியர் அறையிலிருந்து இன்னும் முற்றாகப் போய்விடவில்லை என்பதையும் எல்லாரும் அறிவர். 'அடிச்சுத் திருத்துங்க சேர்' என்று தகப்பனே வந்து ஒப்படைக்கும் ஊரில், அடிக்காத ஆசிரியர்தான் அக்கறையில்லாதவர் என்று பெயரெடுக்கிறார். வீட்டிலும் அடி, பள்ளியிலும் அடி என்றால் தன் நெஞ்சில் உள்ளதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு இடம் எது?

தற்கொலை குறித்து ஆசிரியர்கள் பேசத் தயங்குகிறார்கள். இலங்கையில் 1995இல் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற அளவில் தற்கொலை வீதம் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியதற்கு, கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகளையும் களைகொல்லிகளையும் 1995இலிருந்து படிப்படியாகத் தடை செய்தது முக்கிய காரணம். கண நேர வேகத்தில் எடுக்கப்படும் முடிவுக்கும் உயிருக்கும் நடுவே தடையொன்று இருந்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம். மரக்கறித் தோட்டமும் தேயிலையும் அருகருகே இருக்கும் நுவரெலியாவில், விவசாய மருந்துகளைப் பூட்டி வைக்கும்படி பெற்றோர் கூட்டத்தில் சொல்வதுகூட உளநலப் பணிதான். இன்னொன்று, ஆசிரியர் பலருக்குள்ள அச்சம்: தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடுமோ என்பது. அப்படியில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. சந்தேகம் வந்தால் தனியாகக் கூப்பிட்டு, நிதானமாக, நேராகவே கேட்டுவிடலாம். ஆமென்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல், அன்றே பொறுப்பானவரிடம் சேர்க்க வேண்டும். அந்த ஒரு விடயத்தில் மட்டும் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் எல்லா ஆசிரியருக்கும் பயிற்சி கொடுத்துவிட்டால் போதுமா? இங்கேதான் வழக்கமான பேச்சு தடுமாறுகிறது. இந்தியாவின் பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அரச உயர்நிலைப் பள்ளிகளில் செய்யப்பட்ட 'செஹர்' ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரே உளநலத் திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியரும், சில பள்ளிகளில் அதற்கென்றே அமர்த்தப்பட்ட சாதாரண உளவளத்துணையாளரும் நடத்தினார்கள். அந்த உளவளத்துணையாளர்கள் மனநல வல்லுநர்கள் அல்லர். பயிற்சி பெற்ற ஊரார்தான். அவர்கள் நடத்திய பள்ளிகளில் சோர்வு, கேலிவதை, வன்முறை எல்லாம் குறைந்தன. பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் கிடைக்கவில்லை. பிரித்தானியாவில் 84 பாடசாலைகளின் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரிடையே, ஆசிரியர் மூலம் அளிக்கும் மனக்குவிப்புப் பயிற்சியைச் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வும், 2022இல் அதே போன்ற முடிவையே தந்தது. மாணவருக்கு ஆதாயமில்லை, பயிற்சி பெற்ற ஆசிரியரின் மனக்களைப்பு மட்டும் சிறிது குறைந்ததாம்.

ஆசிரியரால் முடியாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இலங்கையின் வடக்கே வேறொரு அனுபவம் இருக்கிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோரின் முயற்சியால், போர்க்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் தமிழில் உளநலக் கைநூல்களும் பயிற்சிகளும் உருவாயின. தெரிவு செய்யப்பட்ட ஆசிரியர்கள் நீண்ட பயிற்சி பெற்று உளவளத்துணை ஆசிரியர்களானார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின், முகாமிலிருந்த 31 சிறுவர்களுக்கு உள்ளூரில் பயிற்றப்பட்ட இத்தகையவர்கள் குறுகிய காலச் சிகிச்சையளித்தபோது பெரும்பாலோர் தேறினார்கள். பீகாருக்கும் வடக்குக்கும் உள்ள வேறுபாடு ஆளில் இல்லை. முதலாவதில், பாடம் கற்பித்துக்கொண்டிருந்தவரின் தோளில் மேலதிகமாக ஒரு வேலை ஏற்றப்பட்டது. இரண்டாவதில், குறிப்பிட்ட சிலருக்கு ஆழமான பயிற்சியும் மேற்பார்வையும் நேரமும் கிடைத்தன. மலையகத்தில் எந்த வழியில் போவது என்பதை இந்த இரு அனுபவங்களும் தெளிவாகவே சொல்கின்றன. எல்லா ஆசிரியரும் கண்டறிந்து, கேட்டு, கைமாற்றத் தெரிந்திருக்க வேண்டும். ஆற்றுப்படுத்தும் வேலை அதற்கென்றே விடப்பட்ட ஒருவருடையது.

மலையக ஆசிரியரின் மனநிலையையும் கணக்கில் எடுக்காமல் பேசுவது நியாயமாகாது. 1990களில் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி தோட்டப் பிள்ளைகளையே ஆசிரியர்களாக்கும் வழியைத் திறந்தது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும் அப்பணியைச் செய்துவருகிறது. பின்னர் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென மூவாயிரம் பேரளவில் உதவி ஆசிரியர்களைச் சேர்த்தபோது, அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பிறகு அது 10,000 ஆனது. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்று, கரும்பலகைக்கு முன் நிற்கும் இளைஞருக்குக் கொழுந்தெடுக்கும் தாயைவிடக் குறைந்த வருமானம். நிரந்தர நியமனத்துக்காக அவர்கள் காத்திருந்த ஆண்டுகளின் கசப்பு வகுப்பறைக்குள் வராமல் இருந்திருக்குமா? லயத்தில் பிறந்து ஆசிரியரானவருக்கு மாணவரின் துயரம் புத்தகத்தில் படித்ததல்ல, தாமே பட்டது. அது பெரிய பலம். 'நான் தாங்கினேன், நீயும் தாங்கு' என்று சொல்லவைப்பதும் அதே அனுபவம்தான்.

இரகசியம் காப்பது இங்கே தனியாகக் கற்க வேண்டிய கலை. லயத்தில் ஒரு செய்தி தண்ணீர்க் குழாயடிக்கு வந்துவிட்டால் மாலைக்குள் தோட்டத்தின் அந்தப் பிரிவு (டிவிசன்) முழுக்கப் போய்விடும். ஒரு பெண்பிள்ளை மனம்விட்டுப் பேசியது வெளியே கசிந்தால், படிப்பை நிறுத்தி அவசரக் கல்யாணம் பேசுவதில் போய் முடியக்கூடும். பெற்றோரைக் கூப்பிடுவதிலும் கவனம் வேண்டும். வேலை நாளில் தாயைப் பாடசாலைக்கு அழைத்தால் அவளுக்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலிக் கணக்கு, போய்விடும். அரைப் பேர் கிடைத்தால் பாக்கியம். நாட்கூலி இழந்து வந்து பிள்ளையைப் பற்றிய குறை கேட்டுத் திரும்பும் தாய், அன்றிரவு அந்தப் பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வாள் என்பதை ஆசிரியர் நினைத்துப் பார்க்க வேண்டும். வேலை முடிந்த பின்னோ ஞாயிற்றுக்கிழமையோ சந்திப்பதும், பிள்ளையைப் பற்றிய ஒரு நல்ல செய்தியோடு பேச்சைத் தொடங்குவதும் செலவில்லாத வழிகள்.

கைமாற்றுவது யாரிடம் என்பதே கடைசிக் கேள்வி, கடினமான கேள்வியும்கூட. பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனைக்கு ஓர் ஆசிரியர் இருப்பது உண்டு. ஆனால் அவர் முழுநேரப் பாட அட்டவணையுடன் இந்தப் பொறுப்பையும் சுமப்பவராயிருந்தால், பீகார் ஆசிரியரின் கதைதான். 2005இன் தேசிய மனநலக் கொள்கை, மனநல சேவையை அங்கொடை போன்ற பெரிய மனநோய் வைத்தியசாலைகளிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவர வழிவகுத்தது. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும், இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலைக் கட்டடத் தொகுதியும் இன்று தோட்டப்புற மக்கள் எட்டக்கூடிய இடங்கள். எட்டிய பின் தமிழில் பேசக்கூடிய வைத்தியர் கிடைக்க வேண்டும். மனத்தின் நோயை மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்வது, அதுவும் பதினைந்து வயதில், நடக்காத காரியம். இன்னொரு வாசல் பலர் கண்ணில் படுவதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் தரம் 1, 4, 7, 10 மாணவருக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடத்துகிறது. எடை, உயரம், பல், கண் பார்க்கும் அந்த நாளுக்கு முன்பே, தாம் கவலைப்படும் பிள்ளைகளின் விவரத்தை வகுப்பாசிரியர் வைத்தியரிடம் இரகசியமாகக் கொடுத்துவைத்தால், வீட்டாரை மிரட்டாமல், பிள்ளையை ஊர் வாயில் போடாமல், முதல் பரிசோதனை முடிந்துவிடும்.

நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களான நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த ஒவ்வொன்றிலும், பாடம் கற்பிக்கும் கடமையிலிருந்து முற்றாக விடுவிக்கப்பட்ட தமிழ்மொழி உளவளத்துணையாளர் சிலர் கொத்தணிப் பாடசாலைகளுக்குச் சுற்றிவர வேண்டும். அவர்களுக்கு மாதமொரு முறையாவது வைத்தியசாலையின் மனநலப் பிரிவினர் மேற்பார்வை தர வேண்டும். பத்தனையிலும் கொட்டகலையிலும் பயிலும் ஆசிரிய மாணவர்க்கு உளநலக் கற்கை பரீட்சைக்கான ஒரு பாடமாக நின்றுவிடாமல், தோட்டப் பாடசாலையில் செய்முறையாகவும் நடக்க வேண்டும். வலயக் கல்விப் பணிப்பாளர்களும் மாகாணக் கல்வித் திணைக்களமும் இதைப் புதிய கட்டடம் கேட்கும் அதே அழுத்தத்துடன் கேட்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு பாடசாலையும் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 ஆகிய இரண்டு தொலைபேசி இலக்கங்களும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குபவை. மாணவர் கண்ணில் படும் இடத்தில், அதிபர் அறைக்கு வெளியே, அவற்றைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.